மச்சான் இல்லாமல் நிற்கும் ஏணி

ஸ்பெயின் நாட்டு வலென்சியா பகுதியில் பிகோர்ப் என்று ஓர் ஊர். அதன் மலைக்குகை ஒன்றில், பாறைச் சுவரில் சிவப்பாகத் தீட்டிய ஓர் உருவம் இருக்கிறது. நீளமாகத் தொங்கும் கயிறோ கொடியோ ஒன்றைப் பற்றிக்கொண்டு, பொந்துக்குள் கைவிட்டுத் தேன் எடுக்கிறது அது. சுற்றிலும் தேனீக்கள். கயிற்றின் கீழ்ப்பகுதியில் இன்னோர் ஆள். படத்துக்கு வயது சுமார் 8,000 என்று பரவலாகச் சொல்கிறார்கள். மனிதன் உயரம் ஏறிய கதைக்கு இவ்வளவு பழைய சாட்சி வேறு அதிகம் இல்லை. வரைந்தவன் ஒன்றை மட்டும் விட்டுவிட்டான். கயிற்றின் மேல்முனை யார் கையில் இருந்தது?

அந்தக் கேள்விக்கு நீலகிரியில் ஒரு பதில் உண்டு. பாறை விளிம்பிலிருந்து கொடி ஏணி கட்டித் தொங்கி மலைத்தேன் எடுக்கும் பழங்குடிகளிடையே, மேலே காவல் இருக்க வேண்டியவன் மனைவியின் உடன்பிறந்தான் என்றொரு வழக்கம் சொல்லப்படுகிறது. அண்ணன் தம்பியை நம்பினாலும் நம்பாவிட்டாலும் மச்சானை நம்பலாம். கூடப் பிறந்தவள் தாலி அறுபட அவன் கயிற்றை விட்டுவிடமாட்டான் அல்லவா? ஏணி என்ற பொருளுக்கு மனிதன் கண்டுபிடித்த முதல் பாதுகாப்புச் சாதனம் மச்சான்தான்.

தொங்கும் ஏணி சாயும் ஏணியானபோதும் இந்தச் சிக்கல் தீரவில்லை. இரண்டு நெடுங்கால், நடுவே குறுக்குக் கம்புகள், சாய்ந்துகொள்ள ஒரு சுவர். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு அவ்வளவுதான் ஏணி. அதற்கு ஒரு கெட்ட குணமும் இருந்தது. முதல் கம்பில் கால் வைக்கும்போது பரம சாதுவாக நிற்கும். ஆள் மேலே போகப் போக அவன் பாரம் சுவரை அழுத்தும். சுவர் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டியது தரையில் ஊன்றிய அடிக்கால். மேலே எட்டுகிற நேரத்தில்தான் அது வழுக்கப் பார்க்கும். அதாவது விழுந்தால் அதிகம் அடிபடுகிற உயரத்துக்கு ஆளை ஏற்றிவிட்டுத்தான் ஏணி காலை வாரும். நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி அடிக்காலை வைக்க வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது. அதற்கு மேல் தள்ளினால் சறுக்கும். சுவரோடு ஒட்டினால் ஆளோடு பின்பக்கம் மல்லாரும். ஆகவே கீழே ஒருவன் காலை முட்டுக்கொடுத்துப் பிடித்தாக வேண்டும். அந்த ஒருவனை வேலையிலிருந்து நீக்கும் முயற்சி ஒன்று நடந்தது, ஒரு போர்க்காலத்தில்.

1862 ஜனவரி 7. அமெரிக்கா உள்நாட்டுப் போரில் பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் (பின்னாளில் ரைட் சகோதரர்களால் பேர் பெறப்போகும் ஊர்) ஜான் பால்ஸ்லி என்ற தச்சருக்கு அன்று 34,100 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை கிடைத்தது. மடக்கக்கூடிய ஏணிகள் அதற்கு முன்பும் இருந்தன. அவற்றைத் திருத்தியவர் பால்ஸ்லி. பாதத்தைக் குத்தும் உருண்டைக் கம்புக்குப் பதில் தட்டையான படிகள். உச்சியில் கீல். விரித்தால் கூடாரம்போல் நிற்கும், மடக்கினால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கும். விரிகிற ஏணியின் சூட்சுமம் எளியது. முன்காலும் பின்காலும் எதிரெதிராக வெளியே நழுவப் பார்க்கும். இடையே பூட்டிய பட்டை இரண்டையும் இழுத்து நிறுத்தும். சண்டைக்காரர் இருவரை முதுகோடு முதுகாகக் கட்டிப்போட்டதுபோலத்தான். சுவரும் வேண்டாம், மச்சானும் வேண்டாம்.

பரண் எட்டியது, திரைச்சீலை மாட்டியது, அலமாரி துடைத்தது. ஆனால் ஓரளவு உயரத்துக்கு மேல் அந்தச் சாமர்த்தியம் செல்லவில்லை. நகரங்களோ மாடிமேல் மாடியாக வளர்ந்துகொண்டிருந்தன. மாடிகள் தீப்பிடித்துக்கொண்டும் இருந்தன. எரிகிற வீட்டின் சுவரில் ஏணியைச் சாய்ப்பது எப்படி?

ஜெர்மனியின் உல்ம் நகரில் ஒரு வணிகர் இதை யோசித்தார். பெயர் கொன்ராட் டீட்ரிக் மாகிரூஸ். உடற்பயிற்சிக் கழகத்து இளைஞர்களைத் திரட்டித் தீயணைப்புப் படையாகப் பழக்கியவர். 1864-இல் தீயணைப்புக் கருவி செய்யும் தொழிலிலும் இறங்கினார். 1872-இல் அவர் பட்டறையிலிருந்து இரண்டு சக்கரத்தின்மேல் ஓர் ஏணி உருண்டு வந்தது. தெருவின் நடுவே, எதன்மேலும் சாயாமல், நீண்டு நின்றது. ‘உல்ம் ஏணி’ என்றே அதற்குப் பெயர். அடுத்த ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியில் பரிசும் வாங்கியது. ஐன்ஸ்டைன் உல்மில் பிறக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. இனி எந்த உயரமும் எட்டும் என்ற தைரியம் எல்லோருக்கும் வந்துவிட்டது. நியூயார்க்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

இத்தாலியிலிருந்து ஓர் ஏணி அட்லாண்டிக் கடந்து வந்திருந்தது. அமெரிக்காவில் அதன் உரிமை மேரி பெல் ஸ்காட்-ஊடா என்ற பெண்மணியிடம் இருந்ததால் ஸ்காட்-ஊடா ஏணி என்றார்கள். வண்டியின்மேல் மரத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டே போனால் ஏறத்தாழ 100 அடி எழும்பும். 1875 செப்டம்பர் 14 அன்று நடுத்தெருவில் வெள்ளோட்டம். தீயில்லை, புகையில்லை, அவசரமும் இல்லை; வேடிக்கை பார்க்கக் கூட்டம் மட்டும் இருந்தது. பட்டாலியன் தலைவர் வில்லியம் நாஷ் முன்னே ஏறினார். பின்னாலேயே வீரர்கள். ஏணி சுவரில் சாயவில்லை, ஆகாயத்தில்தான் சாய்ந்திருந்தது. கீழே எத்தனை பேர் பிடித்தும் பயனில்லாத ஓர் இடத்தில் மரம் முறிந்தது.

நாஷும் இரண்டு வீரர்களும் இறந்துபோனார்கள்.

நியூயார்க் உயர ஏணி என்ற பேச்சையே மூட்டை கட்டிவைத்தது. இதில் விதியின் விளையாட்டு ஒன்று உண்டு. கண்டத்தின் மறுகோடியில், சான் பிரான்சிஸ்கோ தீயணைப்புப் படையில் இயந்திர வேலை பார்த்த டேனியல் ஹேய்ஸ், ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1868-இல், வண்டியில் பொருத்திய ஏணிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். நீளமான திருகு ஒன்றை ஆட்கள் கைப்பிடியால் சுழற்றச் சுழற்ற அது மெல்ல நிமிர்ந்தது. நியூயார்க் பயம் தெளிந்து 1880-களில் வாங்கியது அந்த ஹேய்ஸ் ஏணியைத்தான். கையருகே இருந்த மருந்தை விட்டுக் கடல்தாண்டித் தேடிய கதை. தீயணைப்பு ஏணி பிறகு நீராவி, மோட்டார் என்று தனிப்பாதையில் போய்விட்டது. வீட்டு ஏணியைத்தான் எல்லோரும் மறந்துபோனார்கள்.

அதை மறுபடி நினைவூட்டியது அலுமினியம். இரண்டாம் உலகப்போரில் விமானம் விமானமாக வார்த்துத் தள்ளிய உலோகம், போர் முடிந்ததும் வேலை தேடி வீடுகளுக்குள் வந்தது. இரண்டு ஆள் சுமந்த மர ஏணியின் உயரத்தை ஓர் ஆள் தோளில் தூக்கிப் போனான். சந்தோஷம் அரைகுறைதான். மின்கம்பி ஓடாத தெருவே இல்லாத காலம் அது. அலுமினியமோ மின்சாரத்தைத் தங்குதடையின்றிக் கடத்தும். கம்பியில் உரசிய ஏணி ஆளை விழவிடாது, விடவும் விடாது. மின்பணியாளர்கள் கண்ணாடி இழை ஏணிக்கு மாறினார்கள். ஆனால் எந்த ஏணிக்கும் படியாத ஓர் இடம் இன்னும் மிச்சம் இருந்தது. மாடிப்படி.

படிக்கட்டில் மடக்கு ஏணியை விரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில். கீழே செங்கல் அடுக்குவார்கள், பலகை செருகுவார்கள், சில வீடுகளில் தடிப் புத்தகமும் போகும். இந்த அவஸ்தையை அன்றாடம் படுகிறவர்கள் சுவருக்கு வண்ணம் பூசுகிறவர்கள். 1970-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில், வால்ட்டர் கும்மர்லின் என்ற பெயின்டர் தன் கையாலேயே ஒரு மாதிரி ஏணி செய்து வைத்திருந்தார். அவரைச் சந்திக்க நேர்ந்தவர் ஹால் விங் என்ற அமெரிக்கர். அங்கே அவர் பார்த்தது இன்ஷூரன்ஸ் வேலை. ஏணியிலிருந்து விழுகிறவர்களின் கணக்கு இன்ஷூரன்ஸ்காரருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அந்த மாதிரியில் ஓர் ஏணிக்குள் இன்னோர் ஏணி ஒளிந்திருந்தது. வெளிச்சட்டத்துக்குள் உள்சட்டம் ஏறி இறங்கும். வேண்டிய உயரத்தில் பூட்டிக்கொள்ளும். உச்சிக் கீல் வெவ்வேறு கோணங்களில் ‘டக்’கென்று நிற்கும். அடிக்கால்கள் பாவாடைபோல் அகன்றன. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு பக்கக் காலை நீட்டி மறுபக்கத்தைக் குறுக்கலாம். மாடிப்படிக்கு வந்த விமோசனம் அது.

விங் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். யூட்டா மாநிலத்து ஸ்பிரிங்வில்லில் தொழில் தொடங்கினார். மடக்கி வைத்தால் பார்க்க ஓர் உலோகக் குவியல். விலையோ சாதா ஏணியைவிட அதிகம். கடை அலமாரியில் வைத்தால் யார் வாங்குவார்கள்? கண்காட்சி கண்காட்சியாகப் போய், கூட்டத்தின் நடுவே விரித்து, நீட்டி, குறுக்கி, ஏறிக் காட்டித்தான் விற்க வேண்டியிருந்தது. சில பத்தாண்டுகள் கடந்து, 2000-களில் அதே வித்தை தொலைக்காட்சியில் நீண்ட விளம்பரமாக வந்தபோது ஏணி வீடு வீடாக நுழைந்தது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் உலகமே நகலெடுத்தது.

இன்று காலை மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் பைக்கின் பக்கவாட்டில் கட்டிக் கொண்டுவந்து, வராந்தாவில் நாலாக மடிந்து கிடந்ததை ‘டக், டக்’கென்று விரித்தாரே, அது அந்தப் பெயின்டரின் ஏணிக்குப் பேரன். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு காலை நீட்டி, மறுகாலைக் குறுக்கி, பூட்டு விழுந்ததா என்று ஒரு முறை உலுக்கிப் பார்த்தார். சுவரைத் தொடாமல், அசையாமல் நின்றது. இரண்டு படி ஏறினார். அப்புறம் கீழே திரும்பி, வயர் சுற்றிக்கொண்டிருந்த உதவியாளைக் கூப்பிட்டார்.

“மச்சான், ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கடா.”