ஆற்றுவாயும் ஆட்சியும்: மட்டக்களப்பு வாவியும் ஒல்லாந்தரும்

கிழக்கிலங்கையின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் கோட்டைகளையும் உடன்படிக்கைகளையும் கோயில்களையும் குடிமரபுகளையுமே தமக்கு ஆதாரமாகக் கொண்டனர். அவ்வரலாறு அனைத்திற்கும் நிலைக்களனாய் அமைந்த நீர்ப்பரப்பைத் தனியே எடுத்து நோக்கியோர் சிலரே. மட்டக்களப்பு வாவியின் வாய் திறப்பதும் மூடுவதும் இம்மண்ணின் உழவையும் மீன்பிடியையும், ஓரளவுக்கு அரசியலையும்கூட, நெடுங்காலமாக நிர்ணயித்து வந்துள்ளன. ஒல்லாந்தர் தொடர்பை முன்வைத்து இதனை விளக்குவதும், அவர்தம் தாயகக் கழிமுகத்தின் அனுபவத்தோடு ஒப்பிட்டு நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாவியின் இயல்பு

வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பகுதி வரை, கடற்கரைக்கு இணையாக, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு இவ்வாவி நீண்டு கிடக்கின்றது. சூரியன் எழும் பக்கத்துக் கரையை எழுவான்கரை என்றும், படும் பக்கத்துக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலமாகிய எழுவான்கரையிலே தென்னந்தோப்புகளும் நெருங்கிய ஊர்களும் அமைந்தன. படுவான்கரை வயலும் குளமும் காடும் சார்ந்தது. யானைகள் இன்றும் வயல்களுக்குள் இறங்கும் பகுதி அது. இரு கரைகளையும் இணைத்தவை துறைகளே. மண்முனையிலே 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை ‘பாதை’ எனப்படும் மிதவையிலேயே மக்கள் வாவியைக் கடந்தனர்.

வாவி கடலோடு கலக்கும் இடங்கள் இரண்டு. பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம் ஒன்று. தெற்கே கல்லாற்றுப் பகுதியில் உள்ளது மற்றொன்று. கோடையிலே கடலலை கொணரும் மணல் இவ்வாய்களை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் படுவான்கரையின் ஆறுகளும் குளங்களின் மிகைநீரும் வாவியை நிரப்ப, நீர்மட்டம் உயர்ந்து மணற்றிட்டு உடைபடும்; அல்லது மனிதரால் வெட்டப்படும். இதனையே ‘ஆற்றுவாய் வெட்டுதல்’ என்பர்.

வாய் திறந்ததும் வாவியின் தன்மையே மாறுகின்றது. தேங்கிய நன்னீர் கடலுக்கு வடிய, கடல்நீர் உட்புகும். கடலிலே பொரித்த இறாற் குஞ்சுகளும் மீன்குஞ்சுகளும் அந்நீரோடு உள்ளே வந்து, கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே ஒதுங்கி வளரும். முதிர்ந்த இறால் முட்டையிடுவதற்கு மீண்டும் கடலை நாடும். கண்டல், கண்ணா, தில்லை ஆகிய மரங்கள் கரையைக் காப்பதோடு, உதிரும் இலையால் இச்சிற்றுயிர்களுக்கு உணவும் அளிக்கின்றன. அவற்றை நாடிக் கொடுவாவும் நண்டும், அவற்றைத் தேடிக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும், இவை அனைத்துக்கும் மேலாக முதலையும் இங்கு வாழ்கின்றன. இவ்வாழ்க்கைத் தொடர் முழுவதும் ஆற்றுவாய் உரிய காலத்தில் திறப்பதையே நம்பியுள்ளது எனலாம்.

ஒல்லாந்தர் வருகை

ஒல்லாந்தத் தளபதி ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1601ஆம் ஆண்டு புறப்பட்ட துறை, சீலாந்து மாகாணத்தின் வேரே என்னும் சிறு பட்டினமாகும். அதுவும் ஆறுகள் கடலோடு கலக்கும் கழிமுகத்தின் கரையிலே, மணற்றிட்டுகளுக்கும் தீவுகளுக்கும் நடுவே அமைந்த மீனவர் ஊர். 1602ஆம் ஆண்டு அவர் மட்டக்களப்பில் இறங்கி, இங்கிருந்து கண்டிக்குச் சென்று முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டு பேசினார். போர்த்துக்கேயர் வசமிருந்த மேற்குத் துறைகளுக்கு மாற்றாக, கண்டி அரசு வெளியுலகைக் காண்பதற்கு உதவிய வாயில்களுள் மட்டக்களப்பும் ஒன்றாயிருந்தமையை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இவ்வாயிலை அடைக்கவே போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டு புலியந்தீவிலே கோட்டை எழுப்பினர். இரு புறம் வாவியும் ஏனைய இரு புறம் அகழியும் அக்கோட்டைக்கு அரணாயின. பத்தாண்டுகளின் பின், 1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அட்மிரல் அடம் வெஸ்ரர்வோல்ற் அதனைக் கைப்பற்றினார். இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதற் போர்த்துக்கேயக் கோட்டை இதுவே. மே 23ஆம் நாள் இங்கு செய்யப்பட்ட உடன்படிக்கையே தீவின் கறுவா வாணிபத்தை ஒல்லாந்தர் கைக்கு மாற்றும் முதற்படியாயிற்று.

எனினும் மட்டக்களப்பு காலியைப் போலவோ கொழும்பைப் போலவோ பெருந்துறையாக வளரவில்லை. முகத்துவாரத்து மணற்றிட்டைப் பெருங்கப்பல்கள் தாண்டமாட்டா. அவை வெளியே நங்கூரமிட, சிறு தோணிகளே உள்ளே வந்தன. ஆண்டுதோறும் வளர்ந்தும் உடைந்தும் இடம்பெயரும் ஒரு மணற்றிட்டு, கீழைத்தேயக் கடல்களை ஆண்ட கம்பனியின் கணக்குகளையும் கட்டுப்படுத்திற்று. இவ்வாறு நோக்கின், வாவியின் இயற்கையே அதன் அரசியற் பயனுக்கும் எல்லை வகுத்தது என்பது புலனாகும்.

கம்பனியின் கண்ணும் இயற்கையாளர் கண்ணும்

ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையின் இயற்கை ஐரோப்பிய அறிவுலகை எட்டியது உண்மையே. கம்பனி மருத்துவராக 1672 முதல் 1677 வரை இலங்கையில் பணியாற்றிய போல் ஹேர்மன் சேகரித்த தாவரங்களைக் கொண்டே லினேயஸ் 1747ஆம் ஆண்டு இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். 1752 முதல் 1757 வரை தேசாதிபதியாயிருந்த யோன் கிதியோன் லோட்டன், பீற்றர் கோர்னெலிஸ் டி பெவெரே என்னும் ஓவியரைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். இன்று எம் வீட்டுத் தோட்டங்களில் பூவை நாடும் ஒருவகைத் தேன்சிட்டு அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

ஆயின் மட்டக்களப்பில் இருந்த கம்பனி அதிகாரிகளின் நோக்கு வேறு. 1784 முதல் 1794 வரை இப்பகுதியின் தலைவராயிருந்த யாக்கோப் பேர்ணாண்ட், தமக்குப்பின் வருபவர்க்காக எழுதிவைத்த நிர்வாகக் குறிப்பு வரலாற்று மாணவர்க்கு இன்றியமையாத ஆவணமாகும். நெற்செய்கையை விரிவாக்குவதிலும் நீர்ப்பாசனத்தைச் சீராக்குவதிலும் அவர் கொண்ட அக்கறை பாராட்டத்தக்கதே. கம்பனி ஊழியர்க்கும் படையினர்க்கும் அரிசி வேண்டியிருந்தது. அத்தேவைக்குப் படுவான்கரை வயல்கள் பயன்பட்டன. நெல்லை அளக்கும் இக்கண்ணுக்கு நீர் ஒன்றிலேயே பொருளுண்டு. கடலும் ஆறும் கலக்கும் உவர்நீரின் பயன் அதன் பார்வைக்கு அப்பாற்பட்டதாயிருந்தது.

வாவியின் ஒலி

வாவியை அதன் பொருட்டே கவனித்து எழுதிய ஐரோப்பியருள் குறிப்பிடத்தக்கவர், பிரித்தானிய ஆட்சியின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனென்ற் ஆவார். 1848ஆம் ஆண்டு நிலவொளியில் மீனவர் சிலரோடு தோணியேறிக் கோட்டைக்கு அருகே சென்ற அவர், நீரடியிலிருந்து எழும் இன்னொலிகளைக் கேட்டார். தோணியின் விளிம்பிலே காதை வைத்தபோது அவை தெளிவாயின. ஒலி எழும் இடங்களை நன்கறிந்து அவரை அழைத்துச் சென்றவர்கள் மீனவரே. அது ‘ஊரி’ என்னும் சிப்பியினத்தின் குரல் என்று அவருக்குக் கூறியவர்களும் அவர்களே. அது மீனின் ஒலி எனப் பிறர் கருதினர். முடிந்த முடிபு இன்றுவரை எட்டப்படவில்லை.

இவ்வொலியாலேயே மட்டக்களப்பு ‘மீன்பாடும் தேனாடு’ எனப் பெயர் பெற்றது. காரைதீவிலே பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், வாவியிலே நீரரமகளிர் இசைபாடுவதாகக் கற்பித்துக் கவிதை செய்தார். 1947ஆம் ஆண்டு வெளிவந்த அவரது யாழ் நூலின் பின்னணியில் பண்டைய இசைநூல்களோடு இவ்வாவியின் ஒலியும் உண்டு எனக் கருதுவது மிகையாகாது. ரெனென்றின் எழுத்துக்கும் அடிகளாரின் கவிதைக்கும் முன்பே அவ்வொலியை அறிந்து, அதற்குப் பெயரும் காரணமும் சொல்லிவந்தோர் வலையெறிந்து வாழ்ந்த மக்கள் என்பது மறக்கத்தகாதது. இயற்கை பற்றிய அறிவு அவர்களிடமிருந்தே நூல்களுக்குச் சென்றது.

வாய் திறத்தலும் மூடுதலும்

மாரியிலே நீர் பெருகும்போது படுவான்கரையின் தாழ்நிலத்து நெற்பயிர் மூழ்கும். ஆதலால் ஆற்றுவாயை விரைந்து வெட்டுமாறு உழவர் வேண்டுவர். உரிய காலத்துக்கு முன் வெட்டினால் வளராத இறாலும் மீனும் நீரோடு கடலுக்குப் போய்விடும் என மீனவர் அஞ்சுவர். இரு தரத்தார் வாழ்வும் ஒரே மணற்றிட்டிலே தங்கியுள்ளது. இவ்வேண்டுகோள்களைக் கேட்டுத் தீர்மானிக்கும் பொறுப்பு அரச நிர்வாகத்தைச் சார்ந்தது. மட்டக்களப்புக் கச்சேரி நெடுங்காலம் இயங்கியதும் ஒல்லாந்தர் கைப்பற்றிய அதே கோட்டைக்குள்ளேயாகும்.

இவ்விடத்தில் ஸ்பில்பேர்கன் புறப்பட்ட வேரே பட்டினத்தின் பிற்கால வரலாறு சிந்திக்கத்தக்கது. 1953ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் வடகடல் பொங்கியெழுந்தபோது நெதர்லாந்தில் 1,836 பேர் மாண்டனர். அதன்பின் கழிமுக வாய்களை அணைகளால் அடைக்கும் பெருந்திட்டம் தொடங்கிற்று. 1961ஆம் ஆண்டு வேரேயின் கடல்வாய் மூடப்பட்டது. உயிரிழப்புக்கு அஞ்சிய மக்களுக்கு அவ்வணை அளித்த பாதுகாப்பைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. ஆனால் ஊரின் மீன்பிடிப் படகுகள் வேறு துறை தேடிச் சென்றன. அலையேறாத நீர் தேங்கிக் கெட்டது. அந்நீரைச் சீராக்க, 2004ஆம் ஆண்டு அண்டையிலுள்ள கடற்கழியிலிருந்து நீர் உட்புகுவதற்கு மதகு ஒன்று திறக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலம் 43 ஆண்டுகள்.

அக்கடற்கழியாகிய ஊஸ்ரர்ஷெல்டெயையும் முற்றாக அடைக்கவே முதலில் திட்டமிட்டனர். மீனவரும் சிப்பி வளர்ப்போரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தமையால் திட்டம் மாற்றப்பட்டது. புயற்காலத்தில் மட்டும் மூடக்கூடிய 62 உருக்குக் கதவுகள் கொண்ட தடுப்பு 1986ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. செலவு பெரிதும் கூடியது. ஆயினும் அலையும் மீனும் பறவையும் எஞ்சின.

முடிவுரை

மட்டக்களப்பு வாவியும் பேரிடர் காணாததன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளி தென்னந்தோப்புகளை அழித்தது. போர்க்காலத்திலே பாதுகாப்பின் பெயரால் கரையோரக் கண்டற் காடுகள் வெட்டப்பட்டன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை, முகத்துவாரத்தை அடுத்த நாவலடி மணற்கரையிலே ஊரையே கொண்டு சென்றது. இத்தனைக்கும் பின் வாவி உயிரோடிருப்பது, அதன் வாய் முற்றாக அடைபடாமையாலேயே எனலாம். இன்று கரையை நிரப்பிக் கட்டடம் எழுப்புவதும், கழிவை வாவியிலே விடுவதும், கண்டலை வெட்டுவதும் முன்னைய அழிவுகளைப் போல ஒரே நாளில் நிகழ்வன அல்ல. ஆதலால் அவை எளிதில் கண்ணில் படுவதில்லை.

வாவியைக் கோட்டைக்கு அரணாகக் கண்டோரும், நெல்லுக்கு நீராகக் கண்டோரும் மறைந்தனர். அதன் வாய் எப்போது திறக்க வேண்டும் என்ற வினா மட்டும் ஆண்டுதோறும் மாரியோடு திரும்பி வருகின்றது. உழவரையும் மீனவரையும் ஒரே அவையில் அமர்த்தி, வாவியின் உயிரினங்களையும் கணக்கிற் கொண்டு அவ்வினாவுக்கு விடை காண்பதே அறிவுடைமை. அடைத்த வாயைத் திறக்க வேரே மக்களுக்கு 43 ஆண்டுகள் ஆயின. மட்டக்களப்பு மக்களுக்கோ அது மண்வெட்டி எட்டும் தொலைவிலேயே இன்னும் உள்ளது.