ஆளோலையும் மனைப்பட்டாவும்

தமிழில் 'ஆள்' சங்கடமான சொல். மனிதன் என்று பொருள். இன்னொருவனுக்கு உரியவன் என்றும் பொருள். பண்ணையாள், படியாள். பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குக் கிழ வேதியராக வரும் சிவன், மணமகன் தனக்கு ஆள் என்று வழக்காடுகிறார். ஆளோலை செல்லும் என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபை தீர்க்கிறது. பக்தனுக்கு இது பேறு. வயலில் கதை வேறு.

தொல்காப்பியச் சொல்லதிகாரம் மக்கள் எல்லோரையும் உயர்திணையில் வைத்தது. அடிமைக்கென்று தனித் திணை இல்லை. ஆனால் அதே நூலின் பொருளதிகாரம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது. இளம்பூரணர் தரும் காரணம் கூர்மையானது: பிறர் ஏவலில் இருப்பவர்க்கு அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் ஒழுகுதல் அரிது. இதை இழிவுபடுத்தல் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அது ஒரு வாக்குமூலமாகவும் படுகிறது. காதலிப்பதற்கே தன்வயமான பொழுது வேண்டும் என்று உரைகாரர் அறிந்திருக்கிறார்.

1843-ன் ஐந்தாவது சட்டம் அடிமையை நேராக விடுவிக்கவில்லை. அடிமைமீது பாத்தியதை கோரினால் கோர்ட் ஏற்காது என்றது. அடிமை என்ற காரணத்தால் ஒருவனது சொத்தைப் பறிக்கக் கூடாது என்றது. சொத்து இருந்தால்தானே!

வண்டலூர் சேர்ந்திருந்த செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை இதன் விளைவைக் காட்டுகிறது. ஓலை செல்லாமல் போய் அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் குடிசை நின்ற மண் மிராசுதார் பிடியில், எதிர்த்தவனைக் கிளப்பிவிடலாம். தரிசு கேட்டு மனுச் செய்தால் மிராசுதாருக்கே முன்னுரிமை. தன் செயலைத் தன்னுடையதென்று உணர்ந்து பொறுப்பேற்பவனே நபர் என்றார் ஜான் லாக். அதற்குப் பிரக்ஞை போதும் என்று அவர் எண்ணினார். செங்கல்பட்டில் மனையும் வேண்டியிருந்தது. 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டு இரவு திரும்பிப் படுக்க இடமில்லாதவனுடைய சம்மதத்தை எப்படிச் சம்மதம் என்பது?

1892-ல் வந்த அரசாணை பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. பிற வகுப்பாருக்கு விற்கக் கூடாதென்று பின்னர் நிபந்தனை சேர்ந்தது. நிபந்தனையை மீறியும் நிலம் கைமாறியது.

சட்டத்துக்கு நபரைப் படைக்கத் தெரியாமலில்லை. கம்பெனி நபர், தெய்வம் நபர். பத்தூர் நடராஜர் வழக்கில் 1991-ல் லண்டன் அப்பீல் கோர்ட், சிதைந்து கிடந்த ஒரு கோயிலை வழக்காடத் தகுதியுள்ள நபராக ஏற்றது. அது நியாயமான தீர்ப்பு. மூன்று வருஷம் கழித்து, 1994 அக்டோபர் 10-ல், காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள்.

வண்டலூரைச் சுற்றி வயல்கள் பிளாட்டுகளாகிவிட்டன. வங்கி மேஜையில் வீட்டுக்கடன் மனுக்களோடு வரும் பத்திரங்களைப் புரட்டுவது என் பிழைப்பு. முப்பது வருஷத்து வில்லங்கம் பார்ப்பது வழக்கம். 1892 அந்தக் கணக்கில் என்றுமே வந்ததில்லை. 1994-ம் இப்போது அதற்கு வெளியே போய்விட்டது.