தோலுக்கு எண்ணெயிடலும் வர்ணமூட்டலும்: தாமிரபரணிப் பிரதேசம்

பதனிட்ட தோலை நீரில் நனைத்து, ஈரம் பாதி வற்றிய பதத்தில் அச்சாலும் முனைமழுங்கிய கருவியாலும் அழுத்திச் சித்திரம் எழுப்பி, பின்பு அதற்கு வர்ணமும் எண்ணெயும் ஊட்டி முடிக்கும் கைவேலை, இன்று ஒருவரே ஒரே மேசையில் செய்துவிடக்கூடியதாகத் தோன்றினாலும், திருநெல்வேலிச் சீமையில் எண்ணெய் ஒரு கூட்டத்தார் கையிலும் வர்ணம் வேறொரு கூட்டத்தார் கையிலுமாக நெடுங்காலம் பிரிந்தே வழங்கிவந்தது. நீருக்கு ஈடுகொடுக்க வேண்டிய தோல் எண்ணெயை நாடிற்று. விளக்கொளிக்கு வழிவிட வேண்டிய தோல் சாயத்தை நாடிற்று. இவ்விரண்டும் ஒரு தோலின்மேல் கூடியது இருபதாம் நூற்றாண்டின் விளைவென்றே சொல்லலாம்.

தமிழ்நாட்டுத் தோற்பதனீட்டுக்கு ஆதாரம் ஆவாரை. செம்மண் புன்செய்களிலும் பாதையோரங்களிலும் எவரும் விதைக்காமலே வளரும் இச்செடியின் பட்டையிலுள்ள துவர்ப்புச்சத்து, சுண்ணாம்புக் குழியில் மயிர் நீக்கிய தோலின் நார்களோடு இணைந்து, அவை அழுகாதபடி காக்கிறது. ஆனால் ஆவாரம்பட்டையில் மட்டுமே பதனிட்ட தோல் வெயில் பட்டால் நாளடைவில் சிவந்துபோகும் இயல்புடையது. ஆதலால் இறுதியில் அதைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, இளமஞ்சள் நிறம் நிலைக்கச் செய்வது பழைய கிரமம். வர்ணமூட்டுவோனுக்கு இது முக்கியமான செய்தி. அடித்தளமே நிறம் மாறினால் அதன்மேல் ஏற்றிய வர்ணம் எப்படி நிற்கும்? இம்முறையில் பதனிட்ட தோலே ஐரோப்பியச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர் பெற்றது. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, ஈரோடு முதலிய ஊர்கள் இதற்குப் பேர்போனவை. அங்குள்ள பதனீட்டுச் சாலைகளில் சுண்ணாம்பிலும் துவர்நீரிலும் நின்று உழைத்தவர்களின் வாழ்வைத் திருநெல்வேலிச் சீமையின் தென்கலத்தில் பிறந்த டி. செல்வராஜ் ‘தோல்’ என்னும் நாவலாக எழுதினார். அதற்கு 2012-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

தாமிரபரணியின் அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் எட்டிய நஞ்சை நிலத்துக்கு இறைவைத் தோல் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. வாய்க்கால் எட்டாத கிணற்றுப் பாசன ஊர்களிலோ, காளை பூட்டி நீர் இறைக்கும் கமலையன்றிக் கதியில்லாதிருந்தது. நீர் முகக்கும் கூனையின் அடியில் பூட்டிய தோல் வால், காளைகள் சரிவில் இறங்கும்போது நீரோடு மேலே வந்து, வாய்க்காலில் அதைக் கொட்டிவிட்டுத் துவண்டு திரும்பும். நாள் முழுதும் நனைவதும், வேலையற்ற நாட்களில் வெயிலில் காய்வதும் அதன் விதி. எண்ணெயற்ற தோல் அவ்வாறு காயும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, மறுமுறை மடியும் இடத்தில் வெடிக்கும். எண்ணெய் நார்களுக்கிடையே புகுந்து அவை வழுகி அசைய இடந்தருகிறது. நீரையும் ஓரளவு விலக்குகிறது. இந்த வாலைத் தைத்தும் ஒட்டுப்போட்டும் பேணிக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அறுவடைக் களத்தில் தானியமாகக் கூலி அளந்து கொடுத்துவிட்டு, அவர்களைத் தெருவுக்குள் விடாமல் ஒதுக்கிவைத்த சமூகம், அவர்களது தொழிலறிவை ஏட்டில் ஏற்றத்தக்க வித்தையாகக் கருதவேயில்லை. நம் பழைய கைத்தொழில் நூல்களில் இப்பகுதி வெறுமையாகக் கிடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எண்ணெய்களுள் தோலுக்கு நன்கு பொருந்தியது புங்க எண்ணெய். ஆற்றங்கரைகளில் மருதத்தோடு சேர்ந்து வளரும் புங்கின் வித்திலிருந்து எடுக்கும் இந்த எண்ணெய் காற்றில் உறைந்து பிசுக்காவதில்லை. இதன் கசப்பு பூச்சிகளை அண்டவிடாது. நாற்றமும், தோலைக் கருக்கச் செய்யும் தன்மையும் இதன் குறைகள். ஆமணக்கெண்ணெயும் உலராதது, எனினும் தடித்திருப்பதால் மெதுவாகவே இறங்கும். ஆளிவிதை எண்ணெயோ காய்ந்து இறுகிவிடுவதால், மெருகுக்கு உதவுமேயன்றி மென்மைக்கு உதவாது.

வர்ணங்களில் கறுப்பு ஒன்றுமட்டும் செருப்புத் தைப்போரிடமே இருந்தது. துவர்ப்புச்சத்து ஏறிய தோலில் இரும்பின் உப்புப் பட்டால் அது கறுக்கும். பழைய எழுத்து மைக்கும் ஆதாரம் இதுவே. அன்னபேதியைக் கரைத்துப் பூசுவது ஒரு வழி. துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் புளிக்கவைத்து, அந்நீரைப் பூசுவது மற்றொரு வழி. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு எழுதுவோரும் இதே நீரைத்தான் உபயோகிக்கிறார்கள். நனைந்த தோலின்மேல் இரும்புக் கருவியை மறந்து வைத்துவிட்டால் எந்த வர்ணத்தாலும் மறைக்கவியலாத கறை விழுவதும் இதனாலேயே. இந்தக் கறுப்பு தோலை வறட்சியாக்கும். ஆகவே அதன்மேல் எண்ணெய் தடவுவது இன்றியமையாததாயிற்று.

ஏனைய வர்ணங்கள் தோற்பாவைக்கூத்தில் செழித்தன. இக்கூத்தை நடத்துவோரான, மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர், தஞ்சை மராத்தியர் காலத்தில் தமிழகம் வந்து, மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளில் பரவினர் என்பது ஆய்வாளர் கருத்து, அ. கா. பெருமாள், மு. இராமசுவாமி முதலியோர் இக்கலையை விரிவாக ஆராய்ந்துள்ளனர். பாவைக்குரிய ஆட்டுத்தோலை இவர்கள் பதனிடுவதில்லை. மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத்தோல் ஒளி ஊடுருவும் தன்மையுடையது. ஆவாரையில் இட்டால் அத்தன்மை போய்விடும். அதில் உருவத்தை எழுதி, சிறு உளிகளால் துளையிட்டு ஆபரணங்களையும் ஆடைப் பூவேலையையும் காட்டி, இருபுறமும் சாயம் தீட்டுவர். இங்கே சாயத்துக்கும் சாதாரண வர்ணப்பூச்சுக்கும் உள்ள வேற்றுமை கண்கூடு: மேலே படியும் பூச்சு ஒளியைத் தடுத்து, திரையில் இராமனையும் இராவணனையும் ஒரே கருநிழலாக்கிவிடும், உள்ளே ஊறிய சாயமோ விளக்கின்முன் கோயிற் கண்ணாடிச் சாளரம்போல் சுடரும். கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் சிரிப்பு மூட்டி ஆடும்போது அந்தச் சாயத்தின் நுட்பத்தை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்! முற்காலத்தில் தாவரச் சாயங்கள் வழங்கின. பின்னர் கடைச்சாயங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

1856-இல் வில்லியம் பெர்க்கின் கண்டறிந்த ஊதாச்சாயத்தோடு தொடங்கிய செயற்கைச் சாய உற்பத்தி, தோல்வேலையிலும் பெரிய மாறுதலை விளைத்தது. மற்றொரு மாறுதல் குரோமியப் பதனீடு. 1903-இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் இதனைத் தொடங்கியபோது, நீரில் நெடுநாள் உழைக்கும் இறைவைத் தோலைச் செய்வதே அவர் முதல் நோக்கமாயிருந்தது. ஆயினும் செருப்பும் பூட்ஸுமே பிற்பாடு விலைபோயின. இறைவைத் தோலுக்கு எஞ்சியிருந்த தேவையையும் மின்சாரப் பம்புசெட்டு பின்னாளில் தீர்த்துவிட்டது. குரோமியத் தோல் சாயத்தை எளிதில் ஏற்கும். ஆனால் அழுத்திய சித்திரத்தை நிலையாகத் தாங்காது. ஆகவே சித்திர வேலைக்கு ஆவாரைத் தோலுக்கு மதிப்புக் குறையவில்லை. இரவீந்திரநாத தாகூரின் மகன் இரதீந்திரநாதரும் மருமகள் பிரதிமா தேவியும் சாந்திநிகேதனத்தில் வளர்த்த தோற்பைகளுக்கும் இவ்வகைத் தாவரப் பதனீட்டுத் தோலே ஆதாரமாயிற்று. பட்டைக்கு மட்டும் இப்போது பெரும்பாலும் அயல்நாட்டு வாட்டில் மரமே ஆவாரையின் இடத்தில் நிற்கிறது.

இன்றைய வேலைமுறை வருமாறு: சித்திரம் நன்கு உலர்ந்தபின் சாயத்தை நீர்க்கக் கரைத்து, பஞ்சுப்பொதியால் வட்டவட்டமாகப் பலமுறை ஏற்ற வேண்டும், ஒரே பூச்சில் அடர்த்தியைத் தேடினால் திட்டுத்திட்டாகும். எண்ணெய் மிகுந்த தோலில் நீர்ச்சாயம் ஏறாது என்பதால், எண்ணெய் பின்னரே வரவேண்டும். ஸ்பிரிட்டில் கரைத்த சாயம் விரைவில் இறங்குமாயினும் தோலை விறைக்கச் செய்யும். அதற்கு எண்ணெய் சற்றுக் கூடுதலாக வேண்டும். எண்ணெய் பட்டதும் நிறம் ஒரு படி கருக்கும். அனுபவமுள்ளவர் இதை முன்னமே கணக்கிட்டு, விரும்பிய நிறத்துக்குச் சற்று வெளிறவே சாயமிடுவர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூஞ்சை படர்ந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வைத்து, சிறிது எண்ணெய் மீண்டும் தடவுவது வழக்கம். வெயிலில் வைத்தால் சாயம் வெளிறும்.