வக்ஃபாகப் பிறந்த இருப்புப்பாதை

டமாஸ்கஸிலிருந்து மதீனா முனவ்வரா வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்டு கிடந்த ஹிஜாஸ் ரயில்பாதையை அழித்தவர் யார் என்று கேட்டால், தண்டவாளத்துக்கு வெடி வைத்த ஆங்கிலேய அதிகாரி லாரன்ஸின் பெயரையே பலரும் சொல்வர். வெடியால் உடைந்ததைச் செப்பனிடலாம். போர் நடந்தபோதே துருக்கியப் படையினர் செப்பனிட்டும் வந்தனர். செப்பனிட முடியாமற் போனது வேறொன்று.

1900-ல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது இப்பணியைத் தொடங்கினார். ஐரோப்பியரிடம் கடன் வாங்காமல், முஸ்லிம்களின் பொருளைக் கொண்டே இதனை முடிக்க வேண்டுமென்பது அவரது விருப்பம். உதுமானிய அலுவலரின் ஊதியத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. குர்பானிப் பிராணிகளின் தோல்கூட ரயில் நிதிக்கென்று திரட்டி விற்கப்பட்டது. தோலை மதரஸாவுக்கு அளித்துப் பழகிய நமக்கு இச்செய்தி புதுமையாகப் படாது. நம் நாட்டிலும் அமிர்தசரஸில் 'வகீல்' இதழை நடத்திய முஹம்மது இன்ஷாஉல்லாஹ் இதற்காகவே எழுதி எழுதி நிதி சேர்த்தார்.

ஜெர்மானியர் மைஸ்னர் தலைமைப் பொறியாளராயிருந்தார். அல்-உலாவுக்குத் தெற்கே பிற சமயத்தார் செல்ல இயலாதாகையால், எஞ்சிய பகுதியை முக்தார் பே முஸ்லிம் தொழிலாளரைக் கொண்டு முடித்தார். 1908-ல் வண்டி மதீனாவை அடைந்தது. ஒட்டகத்தில் ஏறக்குறைய 40 நாள் நடந்த வழி சில நாட்களாகச் சுருங்கியது. மக்கா வரை நீட்டும் எண்ணம் மட்டும் ஈடேறவில்லை.

முதல் உலகப்போருக்குப் பின் ஒரே பாதை பல ஆட்சிகளுக்குள் துண்டானது. சிரியா பிரான்சின் கையில், பாலஸ்தீனும் டிரான்ஸ்ஜோர்தானும் பிரிட்டன் கையில், தென்பகுதி ஹிஜாஸில். 1920களில் மஆனுக்குத் தெற்கே ஓட்டம் நின்றது. இது வக்ஃபுச் சொத்து, முஸ்லிம்களிடமே திருப்பித் தரப்பட வேண்டும் என்ற குரல் அப்போதுதான் வலுத்தது. 1923 ஜனவரியில் லோசான் மாநாட்டில் பிரிட்டனும் பிரான்சும் இப்பாதையின் சமயத் தன்மையை ஒப்புக்கொண்டு, மதீனாவில் ஓர் ஆலோசனைக் குழு அமையலாம் என்றன. ஒப்புக்கொள்வதில் செலவொன்றுமில்லையே! தண்டவாளமும் வருமானமும் அவரவர் கையிலேயே இருந்தன. 1931-ல் பைத்துல் முகத்தஸில் கூடிய இஸ்லாமிய மாநாடு கோரிக்கையை மீண்டும் எழுப்பியது; பயனில்லை.

அந்நியர் போன பின்னரேனும் காரியம் கைகூடியிருக்க வேண்டும். சிரியா, ஜோர்தான், சவூதி அரேபியா மூன்றும் சேர்ந்து முயன்றன. 1960களில் பாலைவனத்தில் வேலையும் நடந்தது. 1967 ஜூன் போர் குறுக்கிட்டு அதனை நிறுத்திவிட்டது. அதற்குள் ஹாஜிகள் விமானத்துக்கும் மோட்டார் சாலைக்கும் மாறியிருந்தனர். மும்முடிச்சான உரிமையை அவிழ்த்துப் பணம் போட எந்த அரசுக்கும் அவசரம் இருக்கவில்லை என்பதே என் கருத்து.

ஜோர்தானில் ஒரு துண்டு 1975-ல் உயிர் பெற்றது; அது ஏற்றியது யாத்திரிகரை அன்று, அகபா துறைமுகத்துக்கான பாஸ்பேட்டை. 2018-ல் மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே ஹரமைன் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. அது ஜித்தா வழிச் செல்லும் புதிய பாதை. பழைய மதீனா நிலையம் அருங்காட்சியகமாகிவிட்டது. அங்கிருந்து வடக்கே பல இடங்களில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, மண்மேடு மட்டும் நீண்டு செல்கிறது.