கிண்டியில் போட்ட ஒரு கணக்கு

1954-ல சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், நம்ம தோல்ல இருக்கிற கொலாஜன் புரதம் மூணு இழை முறுக்கின வடிவம்னு நேச்சர் இதழ்ல எழுதுறாங்க. சீக்கிரமே ஆட்சேபம் வருது. சொன்னவங்க டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும்: "உங்க மாடல்ல சில அணுக்கள் ரொம்ப நெருக்கமா இருக்கு."

நம்ம கோடு ரிவ்யூல இப்படி கமெண்ட் வந்தா முதல்ல கோபம்தான் வரும். (எனக்கு வரும்.) ராமச்சந்திரன் கேட்டது வேற: நெருக்கம்னா எவ்வளவு? அதுவரை வெளியான படிக அமைப்புகளை எல்லாம் அலசி, எந்த அணு எதுக்கு எவ்வளவு பக்கத்துல வரலாம்னு அட்டவணை போட்டாங்க. புரதச் சங்கிலியில ஒவ்வொரு கண்ணியும் திரும்புறதுக்கு முக்கியமா ரெண்டு கோணம், ஃபை, சை. ஒவ்வொரு ஜோடிக் கோணத்துக்கும் அணுக்கள் இடிக்குதான்னு பார்க்கணும். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோட சேர்ந்து, மேசைக் கால்குலேட்டர்ல போட்ட கணக்கு அது! 1963-ல வெளிவந்த அந்த வரைபடத்துல பெரும்பகுதி காலி, அதாவது அங்கெல்லாம் அணுக்கள் இடிக்கும்.

கொலாஜன்ல மூணு இழைங்கிறது நிலைச்சது. ஹைட்ரஜன் பிணைப்பு விவரத்துல கிரிக்-ரிச் மாடல்தான் ஏத்துக்கப்பட்டது. ஆனா இன்னைக்கு யார் புரத அமைப்பைப் பொதுத் தரவு வங்கியில போட்டாலும், சரிபார்ப்பு அறிக்கையில 'ராமச்சந்திரன்'னு ஒரு வரி இருக்கும்.