சிவகாசி லேபிள் ஓவியம்

சிவகாசி லேபிள் ஓவியம், தீப்பெட்டி, பட்டாசுப் பெட்டி, நாட்காட்டி, புத்தக மேலட்டை ஆகியவற்றுக்காகச் சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தில் இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த வணிக ஓவிய மரபு. பொருளுக்கு அழகு கூட்டுவது மட்டும் இதன் வேலையாக இருக்கவில்லை. எழுத்தறியாத வாடிக்கையாளர் நிறைந்த சந்தையில் படமே பொருளின் பெயராக நின்றது. தமிழகத்தில் உறை வடிவமைப்புக்கு ஓவியர் அளித்த பங்கை இந்த மரபைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

இதற்கு முன்னோடி வெளிநாட்டுச் சரக்குதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிகளில் தெய்வங்கள், யானைகள், அரசர்கள் அச்சிட்ட வண்ணத் தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த தீப்பெட்டிகளும் இந்திய வாடிக்கையாளரை நினைத்தே படம் போட்டுக்கொண்டன. 1894இல் பம்பாயில் ரவி வர்மா தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களைச் சாதாரண வீட்டுச் சுவருக்குக் கொண்டு வந்தது. சிறு தாளில் பல வண்ணத்தில் ஒரு தெய்வமோ விலங்கோ இருந்தால் சரக்கு விற்கும் என்ற பாடத்தை வணிகர்கள் இவற்றிலிருந்து கற்றார்கள்.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைப் பயின்று, திரும்பி வந்து 1923இல் சொந்த ஊரில் உற்பத்தியைத் தொடங்கினர். மழை குறைந்த கரிசல் பூமி. விவசாயத்தை நம்ப முடியாத மக்கள். கைவேலையாகவே செய்யக்கூடிய தொழில். சிறு ஆலைகள் பெருகின. எல்லா ஆலையும் ஏறக்குறைய ஒரே குச்சியை, ஒரே அளவுப் பெட்டியில் அடைத்து விற்றபோது, ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்ட லேபிளை விட்டால் வேறு வழியில்லை. கடைக்கு வருபவர் கம்பெனிப் பெயரைச் சொல்வதில்லை. அணில் மார்க், சேவல் மார்க் என்றே கேட்பார். ஒரு படம் ஓடத் தொடங்கியதும் அதே நிறத்தில், அதே அமைப்பில், விலங்கை மட்டும் மாற்றிய போலிகள் கிளம்பும். எனவே தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும்படியும், எளிதில் நகலெடுக்க முடியாதபடியும் வரைய வேண்டிய பொறுப்பு ஓவியருக்கு இருந்தது. அதுவும் இரண்டு அங்குல அகலம்கூட எட்டாத தாளில்.

லேபிள் தேவைதான் சிவகாசியில் அச்சுத் தொழிலை வேரூன்றச் செய்தது. தொடக்கத்தில் நடந்தது கல் அச்சு என்னும் லித்தோ. ஜெர்மனியின் பவேரியாவில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லை வழவழப்பாகத் தேய்த்து, கொழுப்புள்ள மையால் அதன்மீது வரைவார்கள். ஈரப்படுத்திய கல் மையை ஏற்காது. வரைந்த இடம் மட்டும் ஏற்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். மூல ஓவியத்தில் ரோஜா நிறக் கன்னம் ஒன்று இருந்தால், அதில் சிவப்பு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்து, இடவலம் மாறிய வடிவில், நுண்புள்ளிகளாக ஒவ்வொரு கல்லிலும் வைக்க வேண்டும். பழைய லேபிளை உருப்பெருக்கியில் பார்த்தால் கையால் வைத்த அந்தப் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பதைக் காணலாம். பிற்கால ஆஃப்செட் அச்சின் புள்ளிகள் கட்டம் பிடித்தாற்போல் நிற்கும். ஒரு வண்ணம் காய்ந்தபின் அடுத்ததை அதன்மேல் விலகாமல் ஏற்ற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் தாள் விரிந்து வண்ணங்கள் பிசகும். தீக்குச்சி உலர உதவிய அதே வறண்ட காற்று அச்சுக்கும் உதவியது. அழுத்தமான புறக்கோடு, கலக்காத தட்டை நிறங்கள், நடுவில் ஒரே உருவம் என்ற லேபிள் பாணி, பெருமளவு இந்தத் தொழில்நுட்பம் விதித்த எல்லைகளுக்குள் பிறந்தது.

இந்த மரபுக்கு ஓவிய வளம் சேர்த்தவர்களில் முதன்மையானவர் கொண்டைய ராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியபின் கோவில்பட்டியில் நிலைத்தார். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் உள்ளிட்ட சீடர்கள் அவரைச் சுற்றி வளர்ந்தனர். பல படங்களில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே கையொப்பமாக நிற்கும். நாடகத் திரையின் அனுபவம் அவர் படங்களில் துலக்கமாகத் தெரியும்: பின்னால் மண்டபமும் நீர்நிலையும் ஆழம் காட்ட, முன்னால் தெய்வம் பார்ப்பவரை நேராக நோக்கி நிற்கும். புகழ்பெற்ற மீனாட்சி கல்யாணப் படம் இதற்கு நல்ல சான்று. சிவகாசி அச்சகங்கள் ஒரு ஓவியத்தை விலைக்கு வாங்கியபின் அதை ஒருமுறையோடு விடுவதில்லை. நாட்காட்டியில் வந்த முருகன் ஊதுவத்தி உறையிலும் நோட்டுப் புத்தக அட்டையிலும் சிறுத்தும் பெருத்தும் மீண்டும் வருவார். அந்த முகம் எந்த அளவிலும் கெடாமல் நின்றதே ஓவியரின் தேர்ச்சி.

பட்டாசு லேபிளில் கற்பனைக்கு இன்னும் அதிக இடம் கிடைத்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் வழங்கப்பட்டபின் பட்டாசுத் தொழில் சிவகாசியில் விரிந்தது. பட்டாசு, பற்ற வைக்கும் வரை தன் தன்மையைக் காட்டாத பொருள். காட்டிய நொடியில் இல்லாமலாகிவிடும். வாங்குபவர் பார்ப்பதெல்லாம் ஓவியர் தரும் வாக்குறுதிதான். புஸ்வாணம் வீட்டுக் கூரையைத் தாண்டும் ஒளிமரமாகவும், சங்குசக்கரம் சுழலும் சூரியனாகவும் பெட்டிமேல் விரிந்தன. லட்சுமி வெடியில் தாமரைமேல் திருமகள் அமர்ந்தாள். வெடித்தபின் தெய்வப் படம் கிழிந்து தெருவில் கிடப்பதைக் கண்டித்துப் பின்னாளில் எழுந்த எதிர்ப்பு நியாயமானது. லேபிள் படத்தை மக்கள் வெறும் தாளாகக் கருதவில்லை என்பதையும் அது காட்டுகிறது.

மேலட்டை ஓவியம் தமிழில் சென்னை இதழ்களோடு வளர்ந்தது. 1950இல் கல்கியில் தொடங்கிய பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்தார், விகடனின் கோபுலு பின்னர் விளம்பரத் துறைக்குச் சென்று இதழோவியத்தின் கோட்டு நடையை அங்கு கொண்டுபோனார், கே. எம். ஆதிமூலம் நூல் அட்டைகளின் எழுத்து வடிவத்தையே ஓவியமாக்கினார். சிவகாசியின் பங்களிப்பு காமிக்ஸ். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி என்னும் சித்திரக்கதையோடு தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. உள்ளே இருந்தவை வெளிநாட்டுச் சித்திரக்கதைகள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில். வண்ண அட்டைகள் பலவற்றை மாலையப்பன் போன்ற உள்ளூர் ஓவியர்கள் தீட்டினர். பட்டாசுப் பெட்டியின் அடர்மஞ்சளும் செஞ்சிவப்பும் அந்த அட்டைகளில் குடியேறி, இங்கிலாந்தின் உளவாளியைப் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கும் தமிழ்ப் புத்தகத்துக்கு உரியவராக்கின.

ஆஃப்செட்டும், அதன்பின் கணினியும் வந்தபோது கையோவியம் பின்வாங்கியது. மத்தாப்புப் பெட்டிகளில் குழந்தைகளின் புகைப்படங்களும், மற்றவற்றில் நடிகைகளின் புகைப்படங்களும் இடம்பிடித்தன. மரச்சிலாம்பில் செய்து நீலத்தாள் சுற்றிய தீப்பெட்டி போய், நேரடியாக அச்சிட்ட அட்டைப்பெட்டி வந்ததும் ஒட்டும் லேபிள் மறைந்தது. சிறுவர்கள் தீப்பெட்டிப் படம் சேர்த்து ஆடிய விளையாட்டும் அதோடு போனது. 2019 முதல் பசுமைப் பட்டாசுப் பெட்டிகளில் இலச்சினையும் கியூஆர் குறியீடும் இடம்பெறுகின்றன. இவை போலிகளைத் தவிர்க்கத் தேவையானவை. ஆனால் பெட்டியின் முகத்தில் ஓவியத்துக்கான இடம் மேலும் சுருங்கியது.

இன்றைய தொழிற்சாலைப் பெட்டிகளோடு ஒப்பிட்டால் இந்த மரபின் இயல்பு தெளிவாகும். ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழில் வழியில், வல்லம் வடகால் போன்ற அரசின் சிப்காட் தொழிற்பூங்காக்களைச் சார்ந்த உறைத் தேவை சிவகாசி லேபிளுக்கு நேர்மாறானது. உதிரிபாகம் செல்லும் நெளியட்டைப் பெட்டி கடைக்காரரைக் கவர வேண்டியதில்லை. சுமை ஏற்றுபவருக்குப் புரிந்தால் போதும். அதிலும் படம் உண்டு: உடையும் பொருளுக்குக் கண்ணாடிக் கோப்பை, நனையக் கூடாததற்குக் குடை, நிமிர்த்தி வைக்க இரட்டை அம்பு. பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்த இக்குறிகள், எந்த மொழிக்காரரும் படிக்கும்படி கற்பனையை அடக்கி வரைந்தவை. எழுத்தறியாதவருக்கும் பொருளை விளக்குவது என்ற நோக்கத்தில் இவை சிவகாசி லேபிளுக்கு உறவு. வாங்கத் தூண்டும் ஆசை மட்டும் இவற்றில் இல்லை.

லேபிள் ஓவியங்களை ஆராய்வதில் பெரிய தடை, மூலங்கள் இல்லாமையே. நாட்காட்டி ஓவியர்கள் கையொப்பமிட்டனர். லேபிள் வரைந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் அச்சாகவில்லை. வேலை முடிந்த லித்தோ கல்லை மீண்டும் தேய்த்து அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவதே வழக்கம் என்பதால், கல்லில் இருந்த வரைவுகளும் அழிந்தன. அச்சான தாள்களே எஞ்சிய சான்று. அவற்றில் பெரும்பகுதி தனியார் சேகரிப்பாளர்களின் ஆல்பங்களில் இருக்கிறது.