பிரியானும் பெண்களும்

பிரியான் நோய்களின் வரலாறு வழக்கமாக இரண்டு நோபல் பரிசுகளின் வழியே சொல்லப்படுகிறது: 1976இல் கார்ல்டன் கஜ்டுசெக், 1997இல் ஸ்டான்லி புருசினர். அதே வரலாற்றை நான் பெண்களின் பக்கமிருந்து படிக்கிறேன்.

பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடையே குரு என்னும் நோய்க்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இறந்த உறவினரை உண்ணும் சடங்கின் வழியே நோய் பரவியதைக் களத்தில் தங்கி, உறவுமுறைகளைக் கேட்டறிந்து விளக்கியவர்களில் ஒருவர் மானிடவியலாளர் ஷெர்லி லிண்டன்பாம். குருவால் இறந்தவரின் மூளைத்திசு செலுத்தப்பட்ட ஜார்ஜெட் என்ற பெண் சிம்பன்சி 1965இல் நோயுற்றபோது, அது தொற்றும் நோய் என்பது உறுதியானது. ஜார்ஜெட்டின் பெயர் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இறந்த ஃபோரே பெண்களோ பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருகிறார்கள்.

தொற்றுவது கிருமியல்ல, உருத்திரிந்த புரதம் என்றார் புருசினர். அதன் இயல்பான வடிவம் நம் எல்லோர் மூளையிலும் உண்டு. திரிந்தது அதையும் தன்னைப்போல் மாற்றிவிடுகிறது. இயல்பான புரதமே உற்பத்தியாகாவிட்டால்? சூரிச்சில் சார்லஸ் வைஸ்மன் குழு அதற்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை 1992இல் உருவாக்கிக் காட்டியது. அவை நன்றாகவே வளர்ந்தன. ஸ்கிராப்பி என்னும் பிரியான் நோயைச் செலுத்தியும் நோயுறவில்லை. மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருந்தவற்றுக்கு நோய் வெகு தாமதமாக வந்தது. கூடுதல் பிரதிகள் இருந்தவை விரைவில் மடிந்தன. புரதத்தின் அளவே நோயின் வேகம்.

ஆனால் ஏற்கெனவே நோய் தொற்றியவர்களுக்கு இதனால் என்ன பயன்? லண்டனில் ஜியோவன்னா மல்லூச்சி இதை ஆராய்ந்தார். நோய் தொற்றிய சுண்டெலிகளின் நரம்பணுக்களில் மட்டும் அந்த மரபணு இடைவழியில் நீக்கப்பட்டது. மூளையில் விழத் தொடங்கியிருந்த துளைகள் மறைந்தன, சுண்டெலிகள் பிழைத்தன. இம்முடிவு 2003இல் வெளியானது.

சோனியா வல்லபின் தாயார் உறக்கத்தைப் பறித்துக் கொல்லும் பரம்பரைப் பிரியான் நோயால் 2010இல் இறந்தார். அதே மரபணு மாற்றம் தனக்கும் இருப்பதை மறு ஆண்டு அறிந்த சோனியா, சட்டத்துறையை விட்டு, கணவர் எரிக் மினிகெலுடன் உயிரியல் ஆய்வுக்குள் நுழைந்தார். புரத உற்பத்தியைக் குறைக்கும் மருந்து நோயுற்ற சுண்டெலிகளின் ஆயுளை நீட்டுவதை அவர்களது குழு 2020இல் வெளியிட்டது. 2024இல் அவரும் பங்கேற்ற மற்றொரு ஆய்வு, மரபணுவின் எழுத்துகளை மாற்றாமல் அதை மௌனமாக்கி, சுண்டெலி மூளையில் இப்புரதத்தை 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தது.

சுண்டெலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கவேண்டும் என்பதில்லை. இருந்தும் ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. நோய் சுமந்த பெண்ணைப் பற்றிப் பிறர் எழுதிய காலம் போய், நோயின் மரபணுவைச் சுமக்கும் பெண்ணே ஆய்வகத்தில் நின்று கேள்வி கேட்கிறாள். ஃபோரே பெண்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றை நாம் எழுத வேண்டும்.